பேர் வெட்டாத சைக்கிள்

எங்கள் வீட்டில் பேர் வெட்டாத பொருள் கிடையாது. சொம்பு, அண்டா, சாப்பாட்டுத் தட்டு, மண்வெட்டியின் காது, டிராக்டரின் டூல் பெட்டி வரைக்கும் என் அப்பா வீரராகவன் பேரோ என் பேரோ இருக்கும். ஊர்க் கோயிலின் பாத்திர அறைச் சாவி மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. திருவிழா சமையலில் கோயில் கரண்டி ஒன்று எங்கள் கரண்டிகளோடு கலந்து வீட்டுக்கு வந்துவிட்டால் ஊர் என்ன பேசும் என்று அப்பா யோசித்திருக்கிறார். அன்றிலிருந்து இந்த வழக்கம். பேர் இருந்தால் எங்களுடையது. இல்லாவிட்டால் அடுத்தவருடையது, அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். பொன்னேரியைச் சுற்றிய ஊர்களில் எங்களைச் சாவிக்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள்.

பேர் வெட்டாமல் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பொருள் என் மகன் மதிவாணனின் சைக்கிள்.

அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் ஸ்கிராப் யார்டு இன்ஸ்பெக்டராக இருந்தான். வெளிநாடுகளிலிருந்து கன்டெய்னர் கன்டெய்னராகப் பழைய இரும்பு வரும். உலைக்குப் போவதற்கு முன் அந்தக் குவியல்மேல் ஏறி, மூடிய சிலிண்டர், வெடிக்கக்கூடிய டப்பா ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை பழைய இரும்பில் நிற்கிறானே என்று எனக்கு இருந்தது. ஆனாலும் அது கௌரவமான சம்பளம். நான் எதுவும் சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனுக்குச் சக்கரம், வெளிறிய நீல நிறம்.

"பிரெஞ்சு ரேஸ் சைக்கிள் நைனா. ஒரு கையால தூக்கிப் பாரு."

தூக்கினேன். கனமே இல்லை. "ஏதுடா?" என்றேன்.

"பாண்டிச்சேரில ஒரு பெரியவரு. பிரான்ஸ்ல படிக்கசொல்ல வாங்கினாராம், ஐம்பத்தொன்பதுல. அவருக்கு ஓட்ட முடியல, எனக்குக் குடுத்துட்டாரு."

பேர் வெட்டிவிடலாம் என்றேன். "வாணாம் நைனா, பழைய பெயிண்டு. கீறினா அதோட மதிப்பே போயிடும்" என்றான். பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். நடு அறைச் சுவரில் கொக்கி அடித்து மாட்டினான். ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு முன்னால் அதற்குத்தான் அவன் அம்மா செல்லியம்மாள் சந்தனம் வைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாண்டிச்சேரிப் பெரியவரின் கதையை நான் சொன்னேன். சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். கோயில் கூட்டத்தில்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சைக்கிள் வந்த அதே வருஷம்தான் என் அப்பாவின் பழைய சைக்கிள் போனது. கனமான, கறுப்பு நாட்டுச் சைக்கிள். துருப்பிடித்து அடிக் குழாய் விரிசல் விட்டிருந்தது. பற்றவைத்து வருகிறேன் என்று மதிவாணன் எடுத்துப் போனான். பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் வைத்த இடத்தில் காணோம் என்று வந்து சொன்னான். சைக்கிள் போனதைவிட அதன் பித்தளை மணி போனதுதான் எனக்கு வருத்தம். மணியின் மூடியில் அப்பா தன் பேரை முழுதாக வெட்டியிருந்தார். அவர் வயலிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் அந்த மணி கேட்டால் நாங்கள் பிள்ளைகள் எழுந்து நிற்போம்.

போன ஐப்பசியில் என் மகன் இறந்தான். மழை என்று அன்றைக்கு சைக்கிளை விட்டுவிட்டு பைக்கில் வேலைக்குப் போனான். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரி. அதற்குமேல் அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை.

முதல் வருஷத் திதிக்கு இறந்தவர் பயன்படுத்திய பொருளைப் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். அவன் சட்டை, கைக்கடிகாரம், அந்தச் சைக்கிள் என்று செல்லியம்மாள் சொல்லிவிட்டாள். தினமும் அதைத் துடைத்தாள். என் மருமகள் பிரேமா அதன் பக்கம் போகமாட்டாள். அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள்.

திதிக்கு முந்தின வாரம் ஜெகன் என்ற பையன் வந்தான். சென்னையில் கார் கம்பெனியில் இன்ஜினியர். பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒரு குழுவாக ஞாயிறுதோறும் ஓட்டுவார்களாம், மதிவாணனும் அதில் ஒருவன். அவன் நினைவாகப் பழவேற்காடு வரை ஓட்டப்போகிறார்கள், அவனுடைய சைக்கிள் முன்னால் போகவேண்டும் என்று கேட்டான். சரி என்றேன்.

"ஒவ்வொரு சைக்கிள்லயும் ஒரு அட்டை தொங்கவிடுவோம் அங்கிள். எந்த நாடு, எந்த வருஷம், யார் கையிலேர்ந்து வந்ததுன்னு."

"எழுதிக்கோ. பிரான்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. பாண்டிச்சேரி பெரியவர் ஒருத்தர் கையிலேர்ந்து."

பிரான்ஸ் என்று எழுதினான். பிறகு பேனாவை மூடினான். "வருஷத்த மட்டும் ஒரு வாட்டி பாத்துட்றேனே."

கோணியை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். பையிலிருந்து டார்ச்சும் வெர்னியரும் எடுத்தான். முதலில் குழாயை அளந்தான்.

"இருபத்தெட்டு மில்லி. இங்கிலீஷ்காரன் குழாய் இதவிட அரை மில்லி தடியா இருக்கும். பெடல் அச்சு மூடி ரெண்டும் ஒரே பக்கமா திருகுது பாருங்க. ஊரெல்லாம் ஒண்ண இடம், ஒண்ண வலம்னு வெச்சாலும் இவங்க வெக்கமாட்டாங்க. சந்தேகமே இல்ல, பிரெஞ்சுதான்."

"நான்தான் சொன்னனே" என்றேன்.

அவன் பிரேக்கைத் தொட்டான். "மாஃபாக் கம்பெனி பிரேக்கு. இது ஐம்பதுலயும் வந்துது, எழுபதுலயும் வந்துது. இத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது." பின்சக்கரத்து கியர் பக்கம் டார்ச்சைத் திருப்பினான். "சிம்ப்ளெக்ஸ் கம்பெனி கியரு. கறுப்பு பிளாஸ்டிக். இந்த பிளாஸ்டிக் அறுபதுக்கு அப்புறம்தான் அங்கிள்."

"கியரு கெட்டுப்போயி பெரியவரு மாத்தியிருப்பாரு."

"மாத்தியிருக்கலாம். நானும் அப்டித்தான் நெனச்சேன்."

துணியால் சக்கரத்தின் நடு அச்சைத் துடைத்தான். அங்கே ஒரு சின்ன முட்டை வடிவ முத்திரைக்குள் எண்கள் இருந்தன. செய்த வாரமும் வருஷமும் அச்சிலேயே குத்திவிடுவார்களாம். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. அவன் படித்தான். எழுபத்தெட்டு.

"சக்கரத்தையும் மாத்தியிருக்கலாம்" என்றான் அவனே. நான் சொல்வதற்கு முன்னால் சொன்னான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

பிறகு குழாயின்மேல் விரலால் தடவிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். தண்ணீர் பாட்டில் தாங்கிக்காக இரண்டு சின்னக் குமிழ்கள் குழாயோடு குழாயாக இருந்தன. கியர் நெம்புகோலுக்கும் அதே மாதிரி.

"என்னடா?" என்றேன்.

"நட்டு போட்டு மாட்டினது எல்லாத்தையும் மாத்தலாம் அங்கிள். பத்தவெச்சத மாத்த முடியாது. ஐம்பத்தொன்பதுல இதெல்லாம் வளையம் போட்டு முடுக்குவாங்க. இப்டி குழாயிலேயே பத்தவெக்கிறது எழுபதுகளோட கடைசிலதான் நெறைய வந்துது. அப்புறமா யாராவது பத்தவெச்சிருந்தா சுத்தி பெயிண்ட் கருகியிருக்கும். இது மேல இருக்கறது மொதல் பெயிண்ட். சக்கரமும் ஃபிரேமும் ஒரே காலம்தான். எழுபத்தெட்டு."

"பின்ன பாண்டிச்சேரி பெரியவரு?"

"எழுபத்தெட்டுல வாங்கியிருக்கலாம். மதி அண்ணா வருஷத்த தப்பா சொல்லியிருக்கலாம்."

நல்ல பையன். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தான். ஆனால் அவன் கண் பின்சக்கரத்தைத் தாங்கும் குழாயின் உட்பக்கத்துக்குப் போய்த் திரும்பியது. நானும் அதைப் பார்த்தேன்.

"அங்க இன்னா?"

"ஒண்ணுமில்ல அங்கிள்."

"என் வூட்ல வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லாத தம்பி. இன்னா அது?"

உட்பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். மேலே மெழுகு போட்டுப் பளபளப்பாக்கி மறைத்திருந்தது. ஜெகன் அதைத் துணியால் மூடப் போனான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்தான்.

"கன்டெய்னர்லேர்ந்து இரும்ப அள்ளுற கிராப்போட பல் தடம். கும்மிடிப்பூண்டி யார்டுல இறங்குற எல்லா சைக்கிள்லயும் இருக்கும். அங்க ஐரோப்பா ஸ்கிராப் வருதுல்ல. எங்க குரூப்புல நாலஞ்சு பேரு அப்டித்தான் ஃபிரேம் தேடுவோம்."

"யார்டுலேர்ந்து வெளிய எடுத்துனு வரலாமா?"

அவன் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டான். ஒரு நட்டுகூட வெளியே போகக்கூடாது, கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்று மதிவாணனே என்னிடம் சொல்லியிருக்கிறான். சாவிக்காரர் வீட்டுப் பையன் என்பதால் அந்த வேலையே தனக்குக் கிடைத்தது என்றும் சொல்லியிருக்கிறான்.

"மாமா..." என்றாள் பிரேமா. அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றியிருந்தாள்.

நான் கையை உயர்த்தினேன். வெளி ஆள் முன்னால், இறந்த கணவன் திருடினானா இல்லையா என்று ஒரு பெண் வாயால் வரவேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் இல்லை. அவள் சுற்றிய தலைப்பை விட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

"பிரான்ஸ், எழுபத்தெட்டு, மதிவாணன். அவ்ளோதான் எழுதுவோம் அங்கிள். வேற ஒண்ணும் வேணாம்" என்றான் ஜெகன்.

"அட்டையே வாணாம். அந்த சைக்கிளு ரைடுக்கு வராது. மன்னிச்சிக்கோ தம்பி."

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று சொல்லமாட்டேன். தூங்கினேன். முடிவெடுத்தவனுக்குத் தூக்கம் வரும். பேர் வெட்டாமல் அவன் ஏன் தள்ளிப்போட்டான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மட்டில் அவன் என் மகன்தான். மீதியை நான் செய்யவேண்டும். அடுத்தவன் பொருளைப் படையலில் வைத்து அவன் பேரைச் சொல்லிக் கற்பூரம் காட்டக்கூடாது. கோயில் சாவி தொங்குகிற சுவருக்கு எதிர்ச் சுவரில் அது தொங்கக்கூடாது.

காலையில் கொக்கியிலிருந்து இறக்கினேன். செல்லியம்மாள் ஓடி வந்தாள்.

"படையலுக்குன்னு தொடச்சி வெச்சிகிறேன். எங்க எடுத்துனு போறீங்க?"

"அதோட எடத்துக்கு."

"அதோட எடம் இன்னா இது இல்லியா? கேக்கறேன்ல!"

"பையன் பேரு கெடாம இருக்கணும்னா பேசாம இரு."

பிரேமா கிணற்றடியில் இருந்தாள். குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவளிடம் நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் என் கால் திரும்பியிருக்கும்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அப்பா ஓட்டினார், மகன் ஓட்டினான். தள்ளிக்கொண்டே பொன்னேரி ஸ்டேஷனுக்குப் போய், கும்மிடிப்பூண்டி வண்டியில் சாமான் பெட்டியில் ஏற்றினேன். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுபோகிற பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா பெரியவரே, இந்த வயசுல ரேஸா?" என்றாள் ஒருத்தி.

"ஏன்டி, அவருக்கு இன்னா? நம்மள விட நேரா நிக்கறாரு பாரு. செயிச்சிட்டு வருவாரு!"

சிரித்தார்கள். கூடையை நகர்த்தி சைக்கிள் சாய்ந்து நிற்க இடம் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் இருந்தவள் இருக்கையை விரலால் தொட்டு, "எவ்ளோ சுத்தமா வெச்சிகிறீங்க" என்றாள்.

ஆலை வாசலில் பேரைச் சொன்னதும் செக்யூரிட்டி எழுந்து நின்றான். மோகன்ராஜ் என்ற சூப்பர்வைசர் வந்தார். புதிதாக வந்தவர், என் மகனை அவர் பார்த்ததில்லை. எனக்கு ஹெல்மெட் போட்டு யார்டுக்குள் அழைத்துப் போனார். மகன் வேலை செய்த இடத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். மலை மாதிரி இரும்பு. கட்டில், கார்க் கதவு, வேலிக் கம்பி, எந்த ஊர் மனிதர்களோ புழங்கிய அடுப்பு. ஒன்றிலும் யார் பேரும் இல்லை.

"இது உங்க யார்டு பொருளு. என் மகன் வெளிய எடுத்துனு வந்திருக்கான். திருப்பிக் குடுக்க வந்தேன்" என்றேன்.

அவர் திகைத்துவிட்டார். "சார், இதுக்காகவா வந்தீங்க? நீங்களே வெச்சிக்கோங்க. ஞாபகமா இருக்கட்டும்."

"ஞாபகம் எங்க வூட்ல நெறைய கீது. அடுத்தவங்க பொருளு இல்ல."

"யாரும் கேக்கல சார்..."

"யாரும் கேக்காததாலதான் நான் வந்தேன். குவியல்ல போடச் சொல்லுங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்களும் புதிதாக வந்த ஆட்கள்தான். ஒருவர் ஸ்பேனர் கொண்டுவந்தார். அலுமினியம் உலைக்கு ஆகாதாம். பிரேக், பெடல் கை, சக்கரங்கள் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக வைத்தார். கழற்றும்போது ஒவ்வொரு நட்டுக்கும் மகன் போட்டிருந்த கிரீஸ் புதிதாக இருந்தது. "இதையாவது எடுத்துட்டுப் போங்க ஐயா" என்றார் அவர். வேண்டாம் என்றேன். முழுதாக வந்தது, முழுதாகப் போகட்டும்.

கடைசியில் நீலக் குழாய்கள் மட்டும் மிஞ்சின. கிரேன் மேக்னெட் மேலிருந்து இறங்கியது. தொடுவதற்கு முன்பே ஃபிரேம் தரையிலிருந்து எழுந்து அதில் ஒட்டிக்கொண்டது. மற்ற இரும்புகளோடு மேலே போய், உலைக்குப் போகிற தொட்டியில் விழுந்தது. நான் பார்த்துவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். மோகன்ராஜ் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். எங்கள் வீட்டு மானம் ஆலை வாசலில் தலைநிமிர்ந்து வெளியே வந்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷிஃப்ட் மாறும் நேரம், ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்போது அந்த மணி கேட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுபது வயது தாண்டியும் உடம்புக்கு அது மறக்கவில்லை.

ஒரு நடுத்தர வயதுக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹேண்டில்பாரில் பித்தளை மணி. கிட்டே போய்ப் பார்த்தேன். மூடியைச் சுற்றி, புள்ளி புள்ளியாக: வீரராகவன்.

சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இந்த பெல்லு உனக்கு ஏது? பொன்னேரி ஸ்டேஷன்ல திருட்டுப் போன சைக்கிளோடது இது. எங்க அப்பா பேரு!"

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அந்த ஆள் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"மதியோட நைனாவா? மூக்கு அப்டியே கீது." சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். "நான் ராஜமாணிக்கம் பெரியவரே. கிரேன் ஓட்றேன். சாவுக்கு வந்திருந்தேன், கூட்டத்துல நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இது திருட்டுப் போவல. அந்த சைக்கிள இங்க கொணாந்து போட்டதே உங்க புள்ளதான்."

"இங்க எதுக்குப் போட்டான்?"

"அந்த பிரெஞ்சு சைக்கிளு குவியல்ல வந்துது. அத்த பாத்ததுலேர்ந்து பையனுக்கு வேற ஞாபகமே இல்ல. உருக்கிடுவாங்கன்னு பேஜாரு பண்ணிக்கினு திரிஞ்சான். அப்போ வேற சூப்பர்வைசரு, இப்போ ஒடிசா பக்கம் போய்ட்டாரு. அவராண்ட போயி கேட்டான். அவரு, 'எடுத்துனு போ, யாரு கேக்கப் போறாங்க'ன்னாரு. இவன் ஒத்துக்கல. 'சும்மா எடுத்துனு போனா எங்க நைனா மூஞ்சில முழிக்க முடியாது சார். இரும்புக்கு இரும்பு போட்றேன்'னு சொல்லிட்டு, மறுநாளு தாத்தா சைக்கிள தள்ளிக்கினு வந்தான்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ரெண்டையும் எடை போட்டாங்க. தாத்தா சைக்கிளு ரெண்டு பங்கு கனம். அவரே சிரிச்சிட்டாரு. 'நீதான்டா கம்பெனிக்குக் குடுத்திருக்கே'ன்னாரு. கேட்ல சொல்லி அனுப்பினாரு. நான்தான் மேக்னெட்ல தூக்கினேன். பித்தள ஒட்டாது பாரு, அடிபட்டு பெல்லு மட்டும் கழண்டு கீழ விழுந்துச்சு. மதி அத்த எடுத்து ரொம்ப நேரம் பாத்துக்கினு நின்னான். ஊட்டுக்கு எடுத்துனு போனா நைனா கேப்பாரு, பொய் சொல்லத் தெரியாதுன்னு என் கையில குடுத்துட்டான்."

"எங்கிட்ட பொய்தான் சொன்னான்" என்றேன்.

"ஒண்ணு சொல்லிட்டான். ரெண்டாவது சொல்ல முடியலன்னு வெச்சிக்கோங்க." டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "அந்த சைக்கிளு ஊட்லதான கீது? பத்திரமா வெச்சிக்கோங்க பெரியவரே. அதுக்கோசரம் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்."

உள்ளே தொட்டியை உலையில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. கடையின் தகரக் கூரை அதிர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பழகிய சத்தம். யாரும் தலையைத் திருப்பவில்லை.

நான் டீயைக் குடித்தேன். உள்ளே போனால் அவருக்கே தெரிந்துவிடும்.

அவர் ஸ்பேனர் கேட்டு வாங்கி மணியைக் கழற்றினார். "இது உங்க அப்பா பேரு. எனக்கெதுக்கு?" என்று என் கையில் வைத்தார். மகன் அவருக்குக் கொடுத்த பொருள் அது. வாங்கிக்கொள்ளக்கூடாது என்று சொல்ல வாய் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மணியை நடு அறையில் வைத்தேன். செல்லியம்மாள் வெறும் கொக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். பிரேமா மணியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் மாமா."

"நேத்தே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தான் வந்தேன்."

என் கை உயர்ந்ததை நான் நினைத்துக்கொண்டேன். அவள் அதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பழகிய பெண்.

"ஏன் எங்கிட்ட மறைச்சான்? முறையாத்தானே வாங்கியிருக்கான்?"

பிரேமா மணியின் மூடியை முந்தானையால் துடைத்தாள். "தாத்தா சைக்கிள குடுத்துட்டு வந்தேன்னு சொன்னா, நீங்க 'போயி அதத் திருப்பிக் கேளு, இதத் திருப்பிக் குடு'ன்னு சொல்லுவீங்கன்னு சொன்னாரு. 'எங்க நைனா சொன்னா நான் குடுத்துடுவேன் பிரேமா. அதான் சொல்லல'ன்னாரு."

உலையில் இறங்கியபின் இரண்டு சைக்கிளும் ஒன்றுதான். எந்த ஊரில் யார் வீட்டுக் கூரைக்குள் கம்பியாகக் கிடக்கும் என்று யாரும் அளந்து கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை.

திதிக்கு முதல்நாள் மணியை எடுத்துக்கொண்டு பொன்னேரி பாத்திரக்கடைக்குப் போனேன். அங்கே பேர் வெட்டுகிற குணாவுக்கு எங்கள் வீட்டுப் பாத்திரம் அத்தனையும் தெரியும். இப்போது உளி இல்லை, மிஷின்.

"இன்னா பேரு சார்?"

"மதிவாணன்."

அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மணியைத் திருப்பினான். "மேல வீரராகவன் ஐயா பேரு கீது. அதுக்குக் கீழ உங்க பேரு, அதுக்கும் கீழ தம்பி பேருன்னு போட்டா வரிசையா வரும். போடட்டுமா?"

"எம் பேரு வாணாம்."

"ஏன் சார்?"

"எடம் பத்தாது."

"தாராளமா கீது சார், பாருங்க" என்று மணியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

எனக்கும் தெரிந்தது. இடம் இருந்தது. "ரெண்டு பேரு போதும். பக்கத்துல பக்கத்துல வெட்டு" என்றேன். மிஷின் ஓடத் தொடங்கியது. வெட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். அவன் ஸ்டூல் போட்டான். நான் உட்காரவில்லை.